மீனுக்கு ஒரு துறை, காட்டுக்கு ஒரு துறை

அம்மா, "மீனையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்கிற அரசு அதிகாரியாக என் மகள் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சிக்கலே அந்த "மீனையும் விலங்குகளையும்" என்பதில்தான். நம் ஊரில் அது இரண்டு துறை. உங்கள் ராமநாதபுரம் கடலில் வலையில் நெத்திலி விழுந்தால் மீன்வளத்துறை. கடல் அட்டை விழுந்தால் வனத்துறை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடல் அட்டை இருக்கிறது, அதனால்தான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் வனத்துறை வசம்தான்.

மீன் பக்கம் என்றால் நான்கு வருட பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம். தூத்துக்குடி, பொன்னேரி ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள், நீட் வேண்டாம். அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. எழுதி மீன்வளத்துறைக்குள் போகலாம்.

விலங்கு பக்கம்தான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் வன உயிரினங்களுக்கெல்லாம் பொறுப்பானவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். அந்த நாற்காலிக்கு வருபவர்கள் ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) அதிகாரிகள். அந்தத் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, 2013 முதல் முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இதற்கும் ஒன்றுதான். ஆனால் எல்லாப் பட்டதாரியும் எழுத முடியாது. விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றையாவது பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல் அல்லது பொறியியல் பட்டம். பட்டியலில் மீன்வளம் என்ற பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். "பி.எஃப்.எஸ்சி. முடித்துவிட்டு ஐ.எஃப்.எஸ். எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அறிவிக்கையை எடுத்துப் படிக்காமல் நம்பாதீர்கள்.

இரண்டில் எது என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், என் யோசனை பி.எஸ்சி. விலங்கியல், அல்லது மேட்டுப்பாளையத்தில் வனவியல். பிறகு காட்டுயிர் உயிரியலில் முதுகலை படிக்க ஆசைப்பட்டால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது.

தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டியில்தான் போவாள் என்று எழுதியிருந்தீர்களே! ஐ.எஃப்.எஸ்.ஸுக்குத் தேர்வாகும் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். ஸ்கூட்டிச் சாவியை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.