எக்ஸ்எம்எல் செய்தியை ஏன் ஆப்ஜெக்டாக மாற்றி, மறுபடி எக்ஸ்எம்எல் ஆக்குகிறோம்?

ஆப்ஜெக்ட் என்பது நிரல் ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் தரவு. எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு தரவுக்கும் பெயர்க்குறி போட்டு எழுதும் எழுத்து வடிவம். ஆப்ஜெக்டை அப்படி எழுத்தாக்கி இணையச் சேவைக்கு அனுப்புவது மார்ஷலிங். வந்த எழுத்திலிருந்து ஆப்ஜெக்டை உருவாக்குவது அன்மார்ஷலிங்.

ஆப்ஜெக்ட் நினைவக முகவரிகளை நம்பி இருக்கிறது. அடுத்த கணினியில் அந்த முகவரிகளுக்கு அர்த்தமே இல்லை. அங்கே ஜாவாவுக்குப் பதில் சி ஷார்ப் ஓடலாம். எழுத்தை எந்த நிரல் மொழியிலும் படிக்கலாம்.

மலேசியாவில் சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'கோயில் பக்கத்து நிரை வெட்டுற அக்கா' என்றாலே கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு, ஆள் தெரியும். டவுன் ஆபீசுக்குத் தெரியாது. அதனால் பெயர், எண், ரப்பர் பால் எடை என்று பாரத்தில் எழுதி அனுப்புகிறார். ஆபீஸ் தன் பேரேட்டில் தன் வழியில் ஏற்றிக்கொள்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதுதான் ஸ்கீமா.

அங்கேதான் கவனம் வேண்டும். சுங்கை பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000. அதை முழு எண் என்று அறிவித்தால் ஆப்ஜெக்டில் 8000தான் நிற்கும்; திருப்பி அனுப்பும்போது முன் பூஜ்யம் போயிருக்கும். தயவுசெய்து எழுத்துச் சரமாகவே அறிவியுங்கள். ஜாவாவில் இந்த மாற்றும் வேலையைச் செய்யும் ஜாக்ஸ்பி (JAXB) என்ற நிரல் தொகுப்பு, 2018-இல் வந்த ஜாவா 11-லிருந்து உடன் வருவதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆப்ஜெக்டே கம்பி வழியே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போவது மதிப்புகள் மட்டுமே, மெத்தடுகள் (ஆப்ஜெக்ட் செய்யும் செயல்களின் நிரல்) அல்ல. மறுமுனையில் உருவாவது புது ஆப்ஜெக்ட்.