பனிக்கட்டி மேல கார், பைக் ரேஸ் நடத்துறாங்களே, வழுக்காதா?

வழுக்கும். வழுக்குறதை அடக்கி ஓட்டுறதுதான் ஆட்டமே. நல்ல உதாரணம் பிரான்ஸில் 1990-ல் தொடங்கிய ஆண்ட்ரோஸ் டிராஃபி. (ஆண்ட்ரோஸ், போட்டிக்கு ஸ்பான்சரான ஜாம் கம்பெனி!) டிசம்பரில் தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் சீசன் முடிந்துவிடும், குளிர் இருக்கும்வரைதானே தடம் இருக்கும். போட்டி நடந்த இடங்களில் ஒன்றான வால் தொரான்ஸ், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அந்த மாதிரி பனிச்சறுக்கு ஊர்களில், இறுக்கின பனிமேல் தண்ணீர் விட்டு உறைய வைத்துத் தடம் போடுவார்கள்.

டயர் முழுக்க இரும்பு ஆணி. அதுதான் பிடிமானம். ஆனால் அதே ஆணி பனியைக் கொத்திக் கிளறிவிடும். காலையில் ஓடின தடம் மாலையில் வேறு மாதிரி இருக்கும். கார்களில் நாலு சக்கரமும் இழுக்கும், பின்சக்கரமும் திரும்பும். அதனால் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே வளைவுக்குள் நுழையும். பைக் பிரிவும் இருந்தது. ரெண்டே சக்கரத்தில் பனிமேல் சாய்கிறவர்களுக்குத்தான் என் ஓட்டு.

ஃபார்முலா 1 கார் பந்தய சாம்பியன் ஆலன் ப்ராஸ்ட் இங்கே மூன்று முறை பட்டம் வென்றார். இன்னொரு பிரெஞ்சு கார் ரேஸர் இவான் முல்லர் வென்றதோ பத்து! 2019-20 முதல் எல்லாமே மின்சாரக் கார்கள். 2023-24 சீசனோடு போட்டி நின்றுவிட்டது.