கதவு எந்தப் பக்கம்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

செஸ்னா விமானத்திலிருந்து குதித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் துபாய் பாலைவனத்துக்குப் போய் ஸ்கைடைவிங் பழகுகிறேன். 25 குதிப்பு முடித்து 'ஏ' லைசென்ஸ் வாங்கியாயிற்று. இப்போது கணக்கு 42. எல்லாமே ட்வின் ஆட்டர் விமானம்தான்.

போன வாரம் பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. எந்த விமானத்திலிருந்து குதித்தால் ஜென்மம் சாபல்யமாகும்? ஒருத்தன் கான்கார்ட் என்றான். கூட இருந்த பிலிப்பினோ நண்பர், ஏர்பஸ் ஏ380, இரண்டு மாடியும் நிறைய 500 பேர், ஒரே நேரத்தில் என்றார். நான் போயிங் 727 என்றேன், விமானத்தைக் கடத்திய டி.பி. கூப்பர் குதித்ததாயிற்றே. டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம், தீரவில்லை. உங்கள் தேர்வு எது?

ஒரு வேண்டுகோள். என் பெயரைப் போட வேண்டாம். அம்மா திருநெல்வேலியில் உங்கள் தளத்தை ஒருநாள் விடாமல் வாசிக்கிறார். வார இறுதியில் நான் கிரிக்கெட் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு திருத்தம். நான் குதிக்கவில்லை. குதித்தவர் ஓர் ஆஸ்திரேலியர். அவர் மார்பில் என்னைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், சந்தைக்குப் போகும் சேவல் மாதிரி. 42 தடவை சொந்தக் காலில் வெளியேறிய உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் விமானப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் விமானத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கதவு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பயணிக்குத்தான் விமானம் என்றால் இருக்கை, சன்னல், சாப்பாட்டுத் தட்டு. குதிக்கிறவனுக்கு அது ஒரு கதவு. மிச்சமெல்லாம் அந்தக் கதவைப் பதின்மூவாயிரம் அடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற லிஃப்ட்.

கான்கார்ட் ஆசையை அப்படித்தான் பார்க்க வேண்டும். அழகி, சந்தேகமில்லை. 1969-இல் முதலில் பறந்தது, 2003 அக்டோபரில் கடைசிப் பயணிகளை இறக்கிவிட்டது, மொத்தமே 20 செய்தார்கள். ஆனால் அதன் முன்பக்கக் கதவு வழியாக வெளியே போகிறவனுக்குப் பின்னாலேயே அந்த அகன்ற முக்கோண இறக்கை வருகிறது. இறக்கைக்கு அடியில் நான்கு எஞ்சின்கள் வாயைத் திறந்துகொண்டு வருகின்றன. இரண்டுக்கும் தப்பினால்தான் வானம். அதற்கும் முன்னால் கதவு திறக்க வேண்டும். உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் ஒரு சதுர மீட்டர் கதவை ஏறக்குறைய ஐந்தரை டன் கனத்தோடு பிடித்துக்கொள்கிறது. ஆகாயத்தில் கதவைத் திறந்துவிடுவேன் என்று குடித்துவிட்டு மிரட்டும் பயணிகளைப் பற்றிச் செய்தி வருமே, அவர்களால் ஏன் முடிவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

ஏ380-க்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எஞ்சின், வால் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். அது விழாமல் மெதுவாகப் பறக்க மணிக்கு 260 கிலோமீட்டராவது வேண்டும், அதாவது நொடிக்கு 72 மீட்டர். நொடிக்கு ஓர் ஆள் என்று 500 பேர் குதித்தால் வரிசை 36 கிலோமீட்டர் நீளும். முதல் ஆள் துபாயின் பாம் ஜுமேரா தீவில் இறங்கினால், கடைசி ஆள் உங்கள் ஷார்ஜா வீட்டு மொட்டைமாடியில்தான். பிலிப்பினோ நண்பரிடம் சொல்லுங்கள், பாராசூட்டுகளைப் பொறுக்கவே இரண்டு நாள் ஆகும்.

உங்கள் 727-க்கு வருகிறேன். உங்கள் மூவரில் கதவை யோசித்தவர் நீங்கள் ஒருவர்தான், தெரியாமல் யோசித்திருந்தாலும் சரி. அந்த விமானத்தின் மூன்று எஞ்சின்களும் வால்பக்கம் உயரத்தில் இருக்கின்றன. கிடைமட்ட வால் அதற்கும் மேலே, செங்குத்து வாலின் உச்சியில். வயிற்றுக்கு அடியில், வாலுக்குக் கீழே, மடித்து இறக்கும் படிக்கட்டு ஒன்று. ஏணி வண்டி இல்லாத சிறிய விமான நிலையங்களுக்காகச் செய்த வசதி அது. அதில் இறங்குகிறவனுக்கு மேலேயும் பின்னாலேயும் இடிக்க எதுவும் கிடையாது.

1971 நவம்பர் 24. போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்கு டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் எடுத்தவர் கறுப்பு சூட், மழைக்கோட்டு, கயிறில்லாத ஷூ போட்டிருந்தார். (டி.பி. என்பது பத்திரிகைக்காரர்கள் செய்த பிழை. அதுவே நிலைத்துவிட்டது.) பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகச் சொல்லி 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும் வாங்கினார், பயணிகளைச் சியாட்டிலில் இறக்கிவிட்டார். பிறகு விமானிகளுக்கு அவர் கொடுத்த கட்டளைகளைப் பாருங்கள். பத்தாயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது. சக்கரங்கள் வெளியே இருக்க வேண்டும். இறக்கை மடல்கள் 15 டிகிரி. உள்ளே காற்றழுத்தம் வைக்கக் கூடாது. இவ்வளவும் எதற்கு? கதவு திறக்க வேண்டும், வேகம் குறைய வேண்டும். கூப்பருக்கு விமானம் தெரிந்திருந்தது. பாராசூட் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி. கொடுத்ததில் ஒன்று வகுப்பறைப் பயிற்சிக்காகத் தைத்து மூடியது, விரியவே விரியாது. அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரவு எட்டேகால் வாக்கில் விமானத்தின் வால் சட்டென்று மேலே ஒரு எம்பு எம்பியது. விமானிகள் அதன் மூக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பறக்கும்போது அந்தப் படிக்கட்டைத் திறந்தாலும் முழுக்க இறங்காது, காற்று அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் நடந்து போகப் போக அவன் கனத்துக்குத் தாழும். ஆள் போனதும், கிணற்று ஏற்றத்தில் மிதித்தவன் இறங்கியதும் மரம் எழும்புமே, அப்படி எழும்பி விமானத்தை அடிக்கும். பிறகு அதே விமானத்தைப் பறக்கவிட்டு, படியிலிருந்து 91 கிலோ பாரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். வால் அதேபோல் எம்பியது. அவர் கிளம்பிய நேரத்துக்குச் சாட்சி அந்த எம்பல் மட்டும்தான்.

ஆள் கிடைக்கவில்லை. 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவனுக்கு 5,800 டாலர் கிடைத்தது, அவ்வளவுதான். 2016-இல் எஃப்பிஐ தேடுவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தக் கதவு அதற்கு வெகுநாள் முன்பே மூடப்பட்டுவிட்டது. 1972-இல் அதே மாதிரி இன்னும் சிலர் குதித்ததும் 727-இன் வயிற்றில் ஒரு சிறு தகடு பொருத்தச் சொன்னார்கள். தரையில் சும்மா இருக்கும். பறக்க ஆரம்பித்ததும் காற்று அதைத் திருப்பும், படிக்கட்டுக்குத் தாழ்ப்பாள் விழும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, ஒரு ஸ்பிரிங்கும் காற்றும்தான். அதற்குப் பெயரே 'கூப்பர் தகடு'. திருடன் பெயரைத் தாழ்ப்பாளுக்கு வைத்த ஊர் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

உங்கள் ஆசைக்கு ஓரளவு வழி இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் பெர்ரிஸ் என்ற இடத்தில் டிசி-9 ஜெட் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் வாலடியில்தான் வாசல். ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸுக்காகப் பத்தே பத்து செய்த ரகம். குட்டை உடம்பு, பெரிய இறக்கை, அதனால் சட்டென்று ஏறும். 2006-இல் அமெரிக்க விமானத்துறை அதிலிருந்து குதிக்க அனுமதி கொடுத்தது. எப்போதும் பறக்காது, விசேஷ நாட்களில்தான். லீவு எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்கதவு என்றாலே சரக்கு விமானங்களின் ராஜ்யம். பெல்ஃபாஸ்ட்டில் செய்த ஸ்கைவேனைப் 'பறக்கும் ஷூ பெட்டி' என்று கேலி செய்வார்கள். பார்த்தால் நியாயமான கேலிதான், ஆனால் பின்பக்கம் முழுவதும் திறந்த வாசல். சோவியத் ஐஎல்-76 இன்னும் பெரியது, லாரி ஏற்றும் சரிவுப்பலகை வழியாகக் கும்பலாக ஓடிப்போய்க் காலியில் கால் வைக்கலாம். நம் விமானப்படையில் அதற்குக் 'கஜராஜ்' என்று பெயர். 2006 பிப்ரவரி 8-ஆம் தேதி தாய்லாந்தின் உதோன் தானியில் 400 பேர் ஆகாயத்தில் கைகோத்து நின்றார்களே, அவர்களை ஏற்றிச் சென்றதும் ஐந்து சி-130 ஹெர்குலிஸ்கள். அத்தனை பேர் சேர வேண்டுமென்றால் வரிசை நீளக் கூடாது. அகலக் கதவு வேண்டும்.

செஸ்னா 182-ஐ மட்டமாக நினைக்காதீர்கள். ட்வின் ஆட்டரில் பழகியவர்களுக்கு அது ஆட்டோ மாதிரி இருக்கும். விமானிக்கு மட்டும்தான் இருக்கை. நாங்கள் நால்வர் தரையில் ஒருவர் காலுக்கிடையில் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். பத்தாயிரம் அடிக்கு அரை மணி நேரம். எனக்குக் கால் மரத்துப்போய், பயப்படக்கூட நேரமில்லாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவைத் திறந்தார்கள். அது பக்கவாட்டில் திறப்பதில்லை, கீல் மேலே இருக்கிறது. கொண்டியை எடுத்ததும் கதவு தானாக மேலே போய் இறக்கையின் அடியில் ஒட்டிக்கொண்டது. யாரும் பிடிக்கவில்லை, காற்றே பிடித்துக்கொண்டது. விமானி எஞ்சின் சத்தத்தைக் குறைத்து, சக்கரத்துக்கு பிரேக் போட்டார். ஆகாயத்தில் எதற்கு பிரேக் என்று அந்த நிலையிலும் யோசித்தேன். வெளியே போகிறவரின் கால் தவறிச் சக்கரத்தில் பட்டால் அது உருண்டு வாரிவிடக் கூடாது, அதற்காக. எங்களுக்கு முன்னால் போன பெண், சக்கரத்துக்கு மேலிருந்த கையகலப் படியில் ஒரு காலை வைத்து, இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்து முழுசாக வெளியே நின்றாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கையை விட்டாள். எந்த ஜெட்டிலும் இப்படி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்க்க முடியாது.

என் தேர்வைக் கேட்டிருந்தீர்கள். வெப்பக்காற்று பலூன். விமானமே இல்லையே என்று சண்டைக்கு வருவீர்கள். ஆனால் வானத்திலிருந்து குதிப்பது ஆரம்பித்ததே பலூனில்தான். 1797 அக்டோபர் 22, பாரிஸ், கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் ஹைட்ரஜன் பலூனில் ஏறி ஆயிரம் மீட்டர் வாக்கில் கயிற்றை அறுத்துக்கொண்டார். பட்டுக்குடையின் உச்சியில் காற்றுப் போகத் துளை வைக்கவில்லை. கூடை பேயாட்டம் ஆடியது, ஆனாலும் உயிரோடு இறங்கினார்.

நீங்கள் ட்வின் ஆட்டரிலிருந்து வெளியேறும்போது ராட்டினத்தில் இறங்குவதுபோல அடிவயிறு காலியாவதில்லை, கவனித்திருப்பீர்கள். விமானம் மணிக்கு 160 கிலோமீட்டரில் போகிறது, அந்தக் காற்று வெளியே கால் வைத்ததுமே உங்களைத் தாங்கிக்கொள்கிறது. முன்னாலிருந்து வந்த காற்று பத்துப் பன்னிரண்டு நொடியில் கீழிருந்து வரும் காற்றாக மாறுகிறது. உங்கள் ஆட்கள் அதை 'ஹில்' என்பார்கள். காற்று திசை மாறுகிறது, இல்லாமல் போவதில்லை.

பலூன் காற்றோடு காற்றாகப் போகிறது. கூடையில் நின்றால் தலைமுடிகூட அசையாது. கதவே கிடையாது, கூடை விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். பலூனில் குதித்த நண்பர் ஒருவர் சொன்னார், கீழே ஒரு வீட்டில் நாய் குரைப்பது கேட்டதாம். பலூன்காரர் முதலில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்குவார். ஆள் குறைந்ததும் பலூன் ஜிவ்வென்று மேலே போய்விடும், அதைச் சமாளிக்க. பிறகு தலையாட்டுவார். விளிம்பை விட்டதும் முதல் இரண்டு மூன்று நொடிக்கு உடம்பைத் தாங்க எதுவுமில்லை, கையை விரித்தாலும் பிடிமானம் கிடையாது, கிணற்றில் போட்ட கல். அடிவயிறு மேலே வந்துவிடுமாம். அப்புறம் காதோரம் 'உஸ்' என்று ஒரு சத்தம், அது வளர்ந்து வளர்ந்து இரைச்சலாவதை முழுசாகக் கேட்கலாம். விமானத்தில் குதிக்கிறவன் அந்தச் சத்தத்தை நடுவிலிருந்துதான் கேட்கிறான் என்றார் அவர். எனக்கு அந்த ஆரம்பம் வேண்டும்.

இதற்கும் ஒரு படி மேலே போனவர் ஆலன் யூஸ்டஸ், கூகுளில் உயர் பதவியில் இருந்தவர். 2014 அக்டோபர் 24, நியூ மெக்சிகோவின் ராஸ்வெல். கூடையும் இல்லை, அறையும் இல்லை. விண்வெளி உடையோடு பலூனுக்குக் கீழே நேரடியாகத் தொங்கிக்கொண்டு 41 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனார், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக. அங்கே ஒரு சின்ன வெடியால் கொக்கியை விடுவித்துக்கொண்டார். இரண்டு வருடம் முன்னால் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் அறைக்குள் உட்கார்ந்து போய், கதவைத் திறந்து, படியில் நின்று குதித்ததை உலகமே நேரலையில் பார்த்தது. அவரைவிட உயரத்திலிருந்து விழுந்தவரை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. படியில் நிற்கும் அந்தக் காட்சி இதில் இல்லை, அதனால் இருக்கலாம்.

நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் ஷார்ஜா, திருநெல்வேலி, கிரிக்கெட் மூன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வெட்ட மனம் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இந்தப் பதிலை நாளை காலை ஆறு மணிக்குத்தான் போடுகிறேன். இன்று ராத்திரியே போன் செய்துவிடுங்கள்.