'பீப்' சத்தம் கேட்டால் வைரம்தானா?

கேள்வி: மகளுக்கு வைரத்தோடு வாங்கப் போனோம். கடைக்காரர் பேனா போன்ற கருவி ஒன்றைக் கல்லின் மேல் வைத்தார், 'பீப்' என்றது. "அசல் வைரம் அம்மா" என்றார். விலையோ மற்ற கடைகளைவிட வெகு குறைவு. நம்பி வாங்கலாமா? கண்ணாடியில் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

பதில்: கருவியின் சூடான முனையிலிருந்து கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழுக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களுடன் சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு) இறுகி, கல் முழுவதும் ஒரே வலையாக இருக்கிறது. அந்த வலையின் அதிர்வுகள் வெப்பத்தைச் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும். 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் சிர்கோனியா வெப்பத்தை மந்தமாகக் கடத்துவதால் கருவி வாய் திறக்காது.

சிக்கல், வைரம் போலவே தோன்றும் மாய்சனைட் என்ற கல்லில்தான் இருக்கிறது. அது சிலிக்கன் கார்பைடு; அதுவும் சகப்பிணைப்பு வலைதான். வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அதற்கும் இதே 'பீப்' கேட்கும். மின்கடத்தலையும் சோதிக்கும் கருவிகள் பெரும்பாலும் பிடித்துவிடும், எப்போதும் அல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கி, கல்லைச் சற்றுச் சாய்த்து, மேல்பட்டை வழியாக அடிப்பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் மாய்சனைட். வைரத்தில் ஒற்றைக் கோடுதான்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை இப்படியெல்லாம் பிரித்தறிய முடியாது. அதே கார்பன், அதே பிணைப்பு. கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் விலை இயற்கை வைரத்தில் சிறு பகுதிதான். உங்கள் கடையின் மலிவுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இயற்கையா, வளர்த்ததா என்று ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழில் இருக்க வேண்டும். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பிஐஎஸ் ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே. கல்லுக்கு அது பொறுப்பேற்காது.

கண்ணாடியில் கீறவே வேண்டாம். சிர்கோனியாவும் கண்ணாடியைக் கீறும். வைரம் கடினம்தான், ஆனால் உடையாதது அல்ல. சில திசைகளில் அடிபட்டால் பிளந்துவிடும்.

இன்னொன்று: கல்லின் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம். கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.