லிஃப்ட்ல ஸ்டார் நின்னா என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "பிரபலங்களை எதிர்பாராம பாத்த அனுபவம் இருந்தா எழுதுங்க"ன்னு கேட்டிருந்தோம். அனுபவத்தைவிட சந்தேகமும் புலம்பலும்தான் அதிகமா வந்து குவிஞ்சிருக்கு. அதுல இருந்து சிலது.

காலேஜ் நாள்ல இருந்து ஒரு பாடகர்மேல பைத்தியமா இருக்கேன். அன்னிக்கு லிஃப்ட் கதவு திறந்தா உள்ள அவர் நிக்கிறார். நானும் அவரும் மட்டும்தான். சொல்றதுக்கு மனசுல ஆயிரம் இருந்துச்சு, ஆனா வாயைத் திறந்தா "எந்த ஃப்ளோர் சார்?"னு வந்துச்சு. "நாலு"ன்னார், அமுக்கினேன், இறங்கிப் போயிட்டார். எனக்கு மட்டும்தான் இப்படியா? – ஊமையாகிப் போன ரசிகை

மேடையில மைக்கைப் புடுங்கிப் பேசுற ஆளுக்கே அந்த இடத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்கு அவரை நல்லாத் தெரியும், எந்தப் பாட்டுல எந்த இடத்துல மூச்சு வாங்குவார்னு கூடத் தெரியும், ஆனா அவருக்கு நீங்க லிஃப்ட்ல நிக்கிற யாரோ ஒருத்தர். சிக்கலே இங்கதான்.

1956லயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க, அமெரிக்காவுல டிவி வீட்டுக்கு வீடு வந்துக்கிட்டிருந்த நேரம் அது. டிவியில வர்றவர் கேமராவைப் பாத்து நம்மகிட்டயே பேசுற மாதிரி பேசுறார், பாக்குறவங்களுக்கும் அவரோட நேர்ல பழகுன மாதிரி ஆயிடுது, ஆனா அந்தப் பழக்கம் ஒரு பக்கம்தான் இருக்குன்னு சொன்னாங்க. இதுக்கு பாராசோஷியல்னு பேரும் வெச்சாங்க. இன்னிக்கு ரீல்ஸ், லைவ்னு பெட்ரூம் வரைக்கும் வந்து "ஹாய் மக்களே"ங்கிறாங்க, அப்ப கேக்கவா வேணும். அந்த ஆள் திடீர்னு கைக்கெட்டுற தூரத்துல நின்னா, இது நம்ம ஆளாச்சேன்னு பாதி மனசு ஓடுது, முன்னபின்ன தெரியாத ஆள்டின்னு மீதி மனசு புடிச்சு இழுக்குது, இந்த இழுபறியில வார்த்தை எங்க வரும். சிலர் ஊமையாயிடுறாங்க, சிலர் அழுதுடுறாங்க, சிலர் சம்பந்தமே இல்லாம தன் சொந்தக்காரங்க கதையெல்லாம் சொல்லி முடிச்சிடுறாங்க.

அப்புறம் ஒண்ணு, நீங்க கேட்டது ஒண்ணும் மோசமான கேள்வி இல்ல. அன்னிக்கு அவர்கிட்ட பேசின ரசிகர்கள்ல அவருக்கு உபயோகமா ஒரு காரியம் செஞ்சது நீங்களாத்தான் இருக்கும்.

எனக்கு உயிரான நடிகரை ஏர்போர்ட்ல பாத்தேன். ஆசையா போய் "சார் ஒரு போட்டோ"ன்னேன். நிமிர்ந்துகூட பாக்காம கையை ஆட்டி தள்ளிப் போகச் சொல்லிட்டார். இத்தனை வருஷம் முதல் நாள் முதல் ஷோவுக்கு அடிச்சுப் புடிச்சுப் போனதெல்லாம் வேஸ்ட்டா? – மனசொடைஞ்சவன்

டிக்கெட் எடுத்தீங்க, படம் காட்டினாங்க, கைதட்டிட்டு வந்தீங்க. கணக்கு அங்கயே நேர் ஆயிடுச்சு தம்பி. அதுக்குமேல அவர் உங்களுக்கு ஒரு சிரிப்பு பாக்கி வெச்சிருக்கார்னு நெனச்சா வருத்தம் உங்களுக்குத்தான். நீங்க பாத்தது அவர் நாள்ல ஒரு பத்து செகண்ட். தூக்கம் இல்லாம வந்தாரோ, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையோ, இல்ல நெஜமாவே சிடுமூஞ்சிதானோ, பத்து செகண்ட்ல எப்படித் தெரியும்.

அதுக்காக அவங்க என்ன பண்ணாலும் சரின்னு சொல்ல வரல. 2018ல ஒரு விழாவுல நடிகர் சிவகுமார், செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்த பையனோட ஃபோனைத் தட்டிவிட்டார், ஊரே கொந்தளிச்சதும் வருத்தம் தெரிவிச்சு புது ஃபோனும் வாங்கிக் கொடுத்தார். 2021ல ஓட்டுப் போட வந்த இடத்துல, கொரோனா நேரத்துல மாஸ்க்கும் இல்லாம பக்கத்துல வந்து செல்ஃபி எடுத்த ரசிகர் ஃபோனை அஜித் புடுங்கினார், அப்புறம் திருப்பிக் கொடுத்துட்டார். 2022 ஏப்ரல்ல எவர்ட்டன்ங்கிற ஃபுட்பால் டீம்கிட்ட தோத்துட்டு மைதானத்தை விட்டுப் போகும்போது ரொனால்டோ ஒரு 14 வயசுப் பையன் கையில இருந்த ஃபோனைத் தட்டிவிட்டார், அதுக்கு ரெண்டு மேட்ச் தடையும் 50,000 பவுண்ட் அபராதமும் விழுந்துச்சு. மூணையும் ஒரே தராசுல வைக்க முடியாது, மாஸ்க் விஷயத்துல என் ஓட்டு அஜித்துக்குத்தான். ஆனா அடுத்தவன் பொருள்மேல கை வைக்கிறது யாரா இருந்தாலும் தப்பு தப்புதான். அதே மாதிரி வாயைத் திறந்து கேக்காம மூஞ்சிக்கு நேரா ஃபோனைத் தூக்குறதும் தப்பு, அதை மட்டும் யாரும் டிரெண்ட் பண்ண மாட்டேங்கிறாங்க.

நீங்க கேட்டுட்டுத்தான் நின்னீங்க, அவர் முடியாதுன்னுட்டார். ரெண்டு பேர் மேலயும் குத்தம் இல்ல. படம் வந்தா போய்ப் பாருங்க.

செல்ஃபியா, ஆட்டோகிராஃபா? ஒண்ணுதான் கெடைக்கும்னா எது பெஸ்ட்? – ரெண்டுங்கெட்டான்

என்னைக் கேட்டா ஆட்டோகிராஃப். பழங்காலத்து ஆளுன்னு சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. செல்ஃபி எடுக்கும்போது கவனிச்சுப் பாருங்க, அவரும் உங்களைப் பாக்குறதில்ல, நீங்களும் அவரைப் பாக்குறதில்ல, ரெண்டு பேரும் ஒரு கண்ணாடித் துண்டைப் பாத்து சிரிச்சிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுறீங்க. கையெழுத்துன்னா பேனா தேடணும், பேப்பர் தேடணும், அவர் "பேர் என்ன?"ன்னு கேட்டே ஆகணும், உங்க பேரை அவர் வாயால ஒரு தடவை சொல்லி, எழுத்துக்கூட்டி எழுதுவார். அந்த இருபது செகண்ட் எந்த கேமராவிலயும் வராது. ஆனா காலம் மாறிப்போச்சு, 2010ல ஐஃபோன் 4ல முன்பக்க கேமரா வந்துச்சு, கொஞ்ச நாள்ல எல்லா ஃபோன்லயும் அது சகஜமாச்சு, அதோட ஆட்டோகிராஃப் நோட்டு பரணுக்குப் போயிடுச்சு.

காந்தி கையெழுத்து கேட்டு வர்றவங்ககிட்ட அஞ்சு ரூபா வாங்கி ஹரிஜன நிதிக்குப் போட்டுடுவார். அப்போ அஞ்சு ரூபாங்கிறது சின்னப் பணமும் இல்ல. ஸ்டீவ் மார்ட்டின்னு ஒரு ஹாலிவுட் காமெடி நடிகர் இன்னும் ஒரு படி மேல போனார். ரசிகர் வந்து நின்னா கையெழுத்துக்குப் பதிலா பாக்கெட்ல இருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டுவார். நீங்க என்னை நேர்ல சந்திச்சீங்க, நான் அன்பா, மரியாதையா, அறிவாளியா, வேடிக்கையா நடந்துக்கிட்டேன்னு இதன்மூலம் சான்றளிக்கப்படுதுங்கிற மாதிரி அதுல அச்சடிச்சிருக்கும். பேச்சும் மிச்சம், ரசிகனுக்கு காட்டிக்கிறதுக்கு ஒரு பொருளும் கெடைச்சாச்சு. இந்த ஐடியாவை நம்ம ஆட்கள் யாரும் ஏன் இன்னும் சுடலைன்னு தெரியல.

சாப்பிடும்போது, குடும்பத்தோட இருக்கும்போது எல்லாம் போய் பேசலாமா? விட்டா சான்ஸ் போயிடுமே? – அவசரக்காரன்

போனா போகட்டும். வாயில சோறு இருக்கும்போது, கையில கொழந்தை இருக்கும்போது, ஃபோன்ல பேசிக்கிட்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியில, துக்க வீட்டுல, இங்கெல்லாம் அவர் ஸ்டார் இல்ல. பாத்ரூமைப் பத்தி நான் சொல்லவே வேணாம்னு நெனச்சேன், ஆனா சொல்லத்தான் வேண்டியிருக்கு. பால் நியூமன்னு ஒரு பெரிய ஹாலிவுட் நடிகர் ஒரு கட்டத்துல கையெழுத்துப் போடுறதையே நிறுத்திட்டார், அதுக்கு அவர் சொன்ன காரணம், ஒரு ரெஸ்டாரன்ட் கழிவறையில நின்னுக்கிட்டிருக்கும்போது ஒருத்தர் பேப்பரும் பேனாவுமா வந்து நின்னுட்டாராம். ஒரே ஒரு அவசரக்காரரால எத்தனை பேருக்கு கையெழுத்து போச்சு பாருங்க.

முக்கியமா கூட இருக்கிற பிள்ளைங்களை போட்டோ எடுக்காதீங்க. அப்பா பிரபலம்ங்கிறதுக்காக அந்தப் பிள்ளை ஒண்ணும் எழுதிக் கொடுத்துடல.

ரயில்ல எதிர் சீட்ல உக்காந்து வந்தவர் ஒரு பெரிய எழுத்தாளராம், இறங்கின பிறகுதான் தெரிஞ்சுது. வழியெல்லாம் அவர்கிட்ட ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டுக்கிட்டு வந்திருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுறாங்க. – கண்ணிருந்தும் குருடன்

அவர் அடுத்த கதையில நீங்க வர்றதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு, வில்லனா.

இதுக்கெல்லாம் வெக்கப்பட வேணாம். ஜோஷுவா பெல், உலகத்துல முன்னணி வயலின் கலைஞர்கள்ல ஒருத்தர். 2007 ஜனவரி 12 காலையில, வாஷிங்டன்ல ஒரு மெட்ரோ ஸ்டேஷன்ல தலையில தொப்பியை மாட்டிக்கிட்டு தெருவுல வாசிக்கிற ஆள் மாதிரி நின்னு 43 நிமிஷம் வாசிச்சார். ஒரு பத்திரிகை செஞ்ச பரிசோதனை அது. கையில இருந்தது 1713ல செஞ்ச ஸ்ட்ராடிவேரியஸ், உலகத்துலயே பேர்போன அபூர்வ வயலின் வகை. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் பாஸ்டன்ல பெரிய ஹால்ல கச்சேரி, ஹவுஸ்ஃபுல். ஸ்டேஷன்ல அவரைத் தாண்டிப் போனது 1,097 பேர், ஒரு நிமிஷமாவது நின்னு கேட்டது ஏழே பேர், அடையாளம் கண்டுபுடிச்சது கடைசியில வந்த ஒரே ஒரு பெண்மணி, அவங்களும் சில வாரம் முன்னாடி அவர் கச்சேரிக்குப் போயிருந்ததாலதான்.

மேடை, லைட்டு, பேர் போட்ட போஸ்டர், சுத்தி கூட்டம், இதெல்லாம் சேந்துதான் நமக்கு பிரபலத்தைக் காட்டிக் கொடுக்குது. அதை எல்லாம் எடுத்துட்டா எதிர் சீட்ல இருக்கிறது ஜன்னல் கேக்குற ஒரு மனுஷன், அவ்வளவுதான். சொல்லப்போனா அன்னிக்கு அந்த எழுத்தாளர்கிட்ட சார் போடாம, பம்மாம பேசின ஒரே ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க, அவருக்கும் அது புடிச்சிருக்கலாம்.

என் தம்பி ஒரு நடிகையை ஷாப்பிங் மால்ல பாத்துட்டு, கார் பின்னாடியே பைக்ல போய் வீட்டைக் கண்டுபுடிச்சுட்டு வந்துட்டான். இப்ப வாரக்கடைசியானா கேட் முன்னாடி போய் நிக்கிறான். "சும்மா பாக்கத்தான்"கிறான். விடலாமா? – பயந்துபோன அக்கா

விடாதீங்க. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. மால்ல பாத்தது தற்செயல், பைக்கை ஸ்டார்ட் பண்ணின நிமிஷம் அது தற்செயல் இல்ல.

1989ல அமெரிக்காவுல ரெபெக்கா ஷேஃபர்னு 21 வயசு டிவி நடிகை. ஒரு ரசிகன் டிடெக்டிவ் மூலமா, வண்டி ஓட்டுநர் பதிவு ஆபீஸ்ல இருந்து அவங்க வீட்டு அட்ரஸை வாங்கினான். வந்து காலிங் பெல் அடிச்சான், அந்தப் பொண்ணு கதவைத் திறந்து ரெண்டு வார்த்தை நல்லாவே பேசி அனுப்பி வெச்சுது. கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டான். அந்தக் கொலைக்கு அப்புறம்தான் 1990ல கலிஃபோர்னியாவுல பின்தொடர்றதையே குற்றமாக்கி சட்டம் வந்துச்சு, அமெரிக்காவுல அதுதான் முதல்.

உங்க தம்பி அப்படிப்பட்ட ஆள்னு நான் சொல்லல, அநேகமா ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான். ஆனா உள்ள இருக்கிற பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டுக்கு வெளிய அதே பைக் அதே மூஞ்சி வாராவாரம் நின்னா அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமான்னு அவன்கிட்ட கேளுங்க. உன்னை ஒருத்தன் இப்படிப் பின்தொடர்ந்து வந்து நின்னான்னா என்ன பண்ணுவேன்னு கேளுங்க. அப்பவும் கேக்கலைன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க, மறைக்காதீங்க, பைக் சாவியை நீங்க வாங்கி வெச்சுக்கிட்டாலும் தப்பில்ல. அந்தப் பொண்ணு போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க தடுத்தா அது அவனுக்கே நல்லது.

சரி, நேர்ல பாத்தா என்னதான் பேசுறது? "நான் உங்க பெரிய ஃபேன்"னு சொன்னா அவங்க காதுலயே ஏறாது போலிருக்கே? – வார்த்தை தேடுறவன்

ஏறாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேக்குறாங்களோ. பொதுவா புகழாம ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்க, நீங்க நெஜமா கவனிச்ச விஷயமா இருக்கட்டும்.

சச்சின் 2019 டிசம்பர்ல ட்விட்டர்ல ஒருத்தரைத் தேடினார். பல வருஷம் முன்னாடி டெஸ்ட் மேட்சுக்காக தாஜ் கோரமண்டல்ல தங்கியிருந்தப்போ பாத்த ஹோட்டல் ஊழியர் அவர். சச்சின் ஆட்டத்தை ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி பாத்த மனுஷன், தயங்கித் தயங்கி, பந்து படாம இருக்க முழங்கையில கட்டுற கார்டை (guard) நீங்க போடும்போதெல்லாம் உங்க பேட் ஸ்விங் மாறுதுன்னு சொல்லியிருக்கார். அது சரிதான், அதுவரைக்கும் சச்சின் மனசுக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம் அது. அதுக்கப்புறம் அந்த கார்டையே மாத்தி டிசைன் பண்ணிக்கிட்டாராம். கோடி பேர் "ஐ லவ் யூ சச்சின்"னு கத்தினதுல அவர் தேடிப்போனது யாரைன்னு பாருங்க.

உங்களுக்கு அந்த அளவுக்கு கண்ணு இல்லைன்னாலும் பரவால்ல. "அந்தப் படத்துல அப்பா செத்த சீன்ல நீங்க அழாம செருப்பைத் தேடுவீங்களே, அது எனக்கு நடந்திருக்கு சார்"னு சொன்னாப் போதும், பெரும்பாலும் நடந்துக்கிட்டிருக்கிற ஆள் ஒரு நிமிஷம் நிப்பார். சொல்லிட்டு தேங்க்ஸ் சொல்லி நீங்களே முதல்ல நகர்ந்துடுங்க. கதை எழுதி வெச்சிருக்கேன், கொழந்தைக்கு பேர் வைங்க, எங்க வீட்டுக்கு வாங்கன்னு ஆரம்பிச்சா கூட வர்ற பவுன்சருக்கு வேலை வந்துடும்.

என் மனைவி ஒரு கிரிக்கெட் வீரரைப் பாத்ததும் என் கையை விட்டுட்டு ஓடிட்டா. – கைவிடப்பட்ட கணவன்

திரும்ப வந்தாங்கல்ல? அப்ப விடுங்க. போட்டோ எடுத்துக் கொடுத்தது நீங்கதானே?

பிரபலத்தோட எடுத்த போட்டோவை உடனே இன்ஸ்டாவுல போடலாமா? லேட்டானா கெத்து போயிடுமே! – லைக் வேட்டைக்காரி

போடுங்க, ஆனா அவங்க அந்த இடத்தை விட்டுப் போன பிறகு போடுங்க. "இப்ப எங்க ஃபுட்கோர்ட்ல யாரு பாருங்க"ன்னு லொக்கேஷனோட ஸ்டோரி போட்டீங்கன்னா பத்தே நிமிஷத்துல கூட்டம் வந்து நிக்கும், நிதானமா ஒரு மணி நேரம் உக்காரலாம்னு வந்த மனுஷன் பின்வாசல் வழியா ஓடுவார். கூட்டம்னா விளையாட்டு இல்ல. 2024 டிசம்பர்ல ஹைதராபாத் தியேட்டர்ல அல்லு அர்ஜுன் வந்தப்போ ஏற்பட்ட நெரிசல்ல படம் பாக்க குடும்பத்தோட வந்த ஒரு அம்மா இறந்தே போனாங்க. உங்க ஸ்டோரிக்கு அவ்வளவு கூட்டம் வராதுதான், ஆனா படிக்கட்டு, எஸ்கலேட்டர் மாதிரி குறுகலான இடத்துல முப்பது நாப்பது பேர் முண்டியடிச்சாலே யாராவது கீழ விழுவாங்க.

ராத்திரி வீட்டுக்குப் போய் நிதானமா போடுங்க. போட்டோவுல பின்னாடி தெரியுற ஹோட்டல் பேர், ரூம் நம்பர், வண்டி நம்பர் இருந்தா கட் பண்ணிடுங்க. நைட்டு ஒன்பது மணிக்குத்தான் எல்லாரும் ஃபோனும் கையுமா படுத்திருப்பாங்க, லைக்கும் அப்பத்தான் நல்லா வரும்.