ஹெரால்டுக்குப் புதுப் பெயிண்ட் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

அப்பா வைத்திருந்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் பழைய கார் கண்காட்சி வைக்கிறார்கள். வெளியூர்களிலிருந்து பென்ஸ், பியூக் எல்லாம் வருகின்றனவாம். எங்கள் வண்டியில் பெயிண்ட் அங்கங்கே மங்கிவிட்டது. பட்டி வைத்து மெட்டாலிக் சிவப்பு அடித்து, அலாய் வீல் போட்டால்தான் எடுபடும் என்கிறார் டிங்கரிங் செய்பவர். செய்யலாமா?

வாசகர், சிவகங்கை

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து வேண்டாம். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டால் அது போனது போனதுதான். துருப்பிடித்த இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான நிபந்தனை. விஷயம் தெரிந்தவர்களும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பென்ஸ் பக்கத்தில் நிறுத்தக் கூச்சமே வேண்டாம். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை இங்கேதான் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரயம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் வெறும் 948 சிசி. நம் மண்ணில் உருவான வண்டி நம் ஊர் மைதானத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அதன் அழகு பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்துப் பின்பக்கத்திலிருந்து தூக்குங்கள். மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங் கம்பி, சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்தக் காலத்தில் ட்ரயம்புக்கு பாடி செய்துகொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். நெருக்கடியில் பிறந்த யோசனைதான், ஆனால் ரிப்பேருக்கு இவ்வளவு வசதியான கார் அபூர்வம்.

அப்புறம், லாரியில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே போங்கள். மைதானத்தில் இடம் கிடைத்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடியுங்கள். 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். பியூக்கால் அது முடியாது.

அப்பா வாங்கிய பில், பழைய ஆர்.சி. புக் இருந்தால் நகலெடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். குழந்தைகள் ஏறி உட்காரக் கேட்டால் ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு உட்காரவையுங்கள். பானெட் முன்பக்கமாகச் சாய்வதால், கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லி அமைப்பாளர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.