எட்டுப் பொருத்தம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ‘மழைக்கால வாசிப்பு’ என்று ஒரு சவால் வைத்திருக்கிறோம். ஐப்பசி முதல் தேதியிலிருந்து 60 நாள், எட்டுப் புத்தகம். தலைப்பில் நிறம் வருவது ஒன்று, எண் வருவது ஒன்று, 500 பக்கத்துக்கு மேல் ஒன்று, 100 பக்கத்துக்குள் ஒன்று, வேறு இந்திய மொழியிலிருந்து மொழிபெயர்த்தது ஒன்று, பெண் எழுதியது ஒன்று, நாம் பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது ஒன்று, மழையும் குளிரும் முக்கியமாக வருவது ஒன்று. முன்பே படித்தது கூடாது. ஒரு புத்தகத்தை ஒரு கட்டத்தில்தான் வைக்கலாம்.

23 நாள் ஓடிவிட்டது. நான் பிறந்தது 1984-இல். அதற்கு முந்தைய புத்தகமாக அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மட்டும் முடித்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் பட்டியல் போடுவதிலேயே போனது. நிறத்துக்கு பாமாவின் ‘கருக்கு’ என்று சொன்னேன், ஒருங்கிணைப்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘கரு’ என்றால் கறுப்புதானே? இன்னொன்றும் கேட்க வேண்டும். விதிக்காகப் புத்தகம் தேடுவது ஒரு வாசிப்பா? பிடித்ததை எடுத்துப் படிப்பதுதானே முறை?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

பனைக்குப் பேர்போன சீமையில் இருந்துகொண்டு கருக்கு என்னவென்று என்னிடம் கேட்கிறீர்களே! பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி இருக்கிறதே, அதுதான் கருக்கு. கைபட்டால் கிழிக்கும். அந்தக் கிழிசலைத்தான் பாமா 1992-இல் தன் வாழ்க்கைக் கதைக்குத் தலைப்பாக வைத்தார். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருங்கிணைப்பவர் பக்கம்தான் நியாயம்.

நிறம் தேடுகிறவர்களுக்குத் தமிழில் இப்படி நிறையப் பள்ளங்கள் உண்டு. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ என்ற தலைப்பில் இருப்பது உப்புக் கரிப்பு, கரி இல்லை. ‘செம்மீன்’ மட்டும் கொஞ்சம் வழக்காடக்கூடிய கேஸ். மலையாளத்தில் அது இறாலின் பெயர்தான், ஆனால் பெயருக்குள்ளே சிவப்பு உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு நாயகியின் பெயர் கறுத்தம்மா. நான் நடுவராக இருந்தால் விட்டுவிடுவேன். உங்களுக்கு அந்த வழக்கு வேண்டாம், அதை மொழிபெயர்ப்புக் கட்டத்தில் வையுங்கள். தகழி 1956-இல் எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. நிறத்துக்கு, யாரும் வாய் திறக்க முடியாதபடி, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ இருக்கிறது. பீட்டர்ஸ்பர்கில் கோடைகாலத்தில் இரவு முழுக்க இருட்டாமல் கிடக்கும் வெளிச்சம்தான் அந்த வெண்மை. மழைக்காலச் சவாலில் ஒரு கோடை வந்தால் வரட்டும், விதியில் தடையில்லையே.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எனக்கு எது பிடிக்கும் என்பது எனக்கே பாதிதான் தெரியும் என்று சில ஆண்டுகளுக்கு முன் புரிந்தது. அப்போது நானும் இப்படி ஒரு சவாலில் மாட்டியிருந்தேன். அதிலும் ‘தலைப்பில் எண்’ இருந்தது. அலமாரியில் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ பல வருடமாகத் தூசி வாங்கிக்கொண்டிருந்தது. தலைப்பைப் பார்த்தாலே பள்ளிக்கூடப் புவியியல் வகுப்பு ஞாபகம் வரும், கை தானாக அடுத்த புத்தகத்துக்கு நகர்ந்துவிடும். விதி கழுத்தைப் பிடித்ததால் எடுத்தேன். சந்திரசேகரன் என்ற பையன் செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் கல்லூரிக்குப் போய்க்கொண்டும் இருக்கிறான். அவனைச் சுற்றி நிஜாம் ராஜ்ஜியம் 1948-ஐ நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. இரண்டே நாளில் முடித்தேன். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது இன்னும் அங்கேயே இருந்திருக்கும். உங்கள் எண் கட்டத்துக்கும் அதையே சொல்கிறேன். ‘ஒரு’ என்பதை எண்ணாகக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அதை ஒத்துக்கொண்டால் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் ஆரம்பித்துத் தமிழ்ப் புத்தகக் கடையில் பாதி உள்ளே வந்துவிடும். ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ மூன்று தடவை வரும்!

நீங்கள் செய்த தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள் முதலில் ரஜ்ஜுவைப் பார்ப்பார்கள். அது தட்டினால் மற்றதைப் பார்த்துப் பிரயோசனமில்லை. உங்கள் சவாலில் ரஜ்ஜு அந்த 500 பக்கக் கட்டம்தான். மீதி 37 நாள் இருக்கிறது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ மேல் கண் போகும், போக விடாதீர்கள். ஆயிரம் பக்கத்துக்கும் மேலே, இந்த அவசரத்தில் அதைப் படிப்பது அந்தப் புத்தகத்துக்குச் செய்கிற அவமரியாதை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ எடுங்கள். 600 பக்கத்துக்கு மேல் இருக்கும். நாளைக்கு நாற்பது பக்கம் என்றால் பதினைந்து பதினாறு நாள். அதில் வரும் ரங்கண்ணாவின் பாட்டு வகுப்புகளில் உங்களை அறியாமல் வேகம் குறையும், குறையட்டும். அதை முதலில் தொடங்கிவிட்டு, நடுநடுவே சின்னதுகளை முடித்துக்கொள்ளுங்கள்.

பக்கக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. அதே நாவல் பொடி எழுத்தில் 460 பக்கமாகவும் பெரிய எழுத்தில் 540 பக்கமாகவும் வரலாம், கிண்டிலில் பக்கமே இல்லாமலும் வரலாம். எந்தப் பதிப்பைக் கணக்கில் எடுப்பது என்று உங்கள் குழுவில் இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு விஷயமும் அப்படித்தான். உள்ளே திருப்பினால் ‘முதல் பதிப்பு 2009’ என்று போட்டிருக்கும். பல சமயம் அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு மட்டும்தான். ‘தண்ணீர்’ 1970-களில் வந்த நாவல். யாராவது பதிப்புப் பக்கத்தைக் காட்டி ஆட்சேபித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெண் எழுதிய கட்டத்துக்குத்தான் மேலே சொன்ன ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத்து வேலையாட்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவலைத் தூத்துக்குடிக்காரர் இன்னும் படிக்கவில்லை என்றால் நான் என்ன சொல்வது? மழை இறங்கிவிட்டதால் இப்போது உங்கள் ஊர் அளங்களில் வேலை நின்றிருக்கும், உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து வெயிலில் நடக்கும் அந்தக் கதையைப் படியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கடைசியில்தான் இருக்கிறது. மழைக்காலம் என்று பொதுவாகப் பேர் வைத்துவிட்டீர்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று நம் பழைய கணக்கு. உங்கள் 60 நாளும் அப்படியே கூதிரில் விழுகிறது. கார் என்றால் முல்லைப்பாட்டைச் சொல்லியிருப்பேன். கூதிருக்கென்றே நக்கீரர் எழுதி வைத்திருக்கிறார், நெடுநல்வாடை, 188 வரி.

மழை விடாமல் பெய்கிறது. இடையர்கள் மாட்டை மேட்டுக்கு ஓட்டிப்போய், தீயில் கை காய்ச்சியும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். ‘பறவை படிவன வீழ’ என்கிறார், உட்கார்ந்திருக்கிற பறவை குளிரில் அப்படியே விழுகிறது. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. ஊருக்குள்ளே வந்தால் பகலா இரவா என்று தெரியவில்லை. விளக்கேற்ற வேண்டும், ஆனால் பொழுது எப்போது சாய்ந்தது? பெண்கள் பிச்சி மொட்டைத் தட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அது விரிந்து வாசம் வந்ததும், ஓகோ அந்தியாகிவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள். மேலே சிவந்த காலுடைய ஆண்புறா ஒன்று, பெடையோடு இரை தேடப் போகாமல், பகலும் இரவும் மயங்கிப்போய், கூரையோரத்துக் கொடுங்கையில் இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அந்தப் புறா போதும். வீட்டில் மின்சாரம் போன ஒரு மழைநாள் மத்தியானம் படித்துப் பாருங்கள். மூலத்தை ஒரு தடவை சத்தமாக, அப்புறம் உரையோடு மெதுவாக.

கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டம் மிச்சம் இருக்கும், 100 பக்கத்துக்குள் ஒன்று. அதை நான் நிரப்பப்போவதில்லை. உங்கள் வீட்டிலேயே வாங்கி வைத்துப் பிரிக்காத மெலிந்த புத்தகம் ஒன்றாவது இருக்கும், எங்கள் வீட்டில் இருபதுக்குக் குறையாது. கடைக்குப் போகாமல் அதில் ஒன்றை எடுங்கள்.

நெடுநல்வாடையைப் புத்தகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று உங்கள் ஒருங்கிணைப்பவர் அடம்பிடிக்கலாம். கருக்கு விஷயத்தில் அவருக்கு நான் ஆதரவு சொன்னதைக் காட்டி, இதற்கு ஈடு கேளுங்கள்.